சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

பாலிக் பூலாவில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது.
இன்னும் கட்டவில்லை, அவ்வளவுதான்.

நாலு மூலையிலும் சிவப்பு மை பூசிய கல்.
கிரானில் யோகமலரின் பெயர்.
நான் அவளுடைய விசாவில் இருப்பவன்.
இந்த மண்ணில் புல் வெட்ட மட்டும்
யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் வாடகை வீட்டைக் காலி செய்தபோது
மூன்றே மாதம் என்றார் பிளான் வரைந்தவர்.
லோரியில் வந்து இறங்கியது ஒரு கன்டெய்னர்.
முன்பு அதில் யாரோ சிமெண்டு அடுக்கியிருந்தார்கள்;
எத்தனை கழுவியும்
காலையில் தலையணை கொஞ்சம் சாம்பல்தான்.
இது பதினேழாவது மாதம்.

மூன்று மணிக்குத் தகரம் கொதிக்கும்.
நாலு மணிக்கு மழை வந்து அதை அறையும்.
சரியாக அப்போதுதான்
அலுவலகத்திலிருந்து ஃபோன் வரும்.
சரிவு அதிகமாம்,
மண் பரிசோதனை இன்னொன்று வேண்டுமாம்,
சாக்கடைக்கு ஒதுக்கிய இடத்தில்
எங்கள் சமையலறை
ஒன்றரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறதாம்.
பாதி காதில் விழாமல்
எல்லாவற்றுக்கும் போலே, போலே என்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல்
சுண்ணாம்புத் தூள் ஒரு மூட்டை வாங்கிவந்து
தரையிலேயே வீட்டை வரைந்தோம்.
கூடம். இரண்டு அறை. கிழக்கே சாமி மேடை.
கழிப்பறை எங்கே என்பதில்
இருட்டும்வரை சண்டை.
செவ்வாய்க்கிழமை மழை வீட்டைக் கரைத்தது.
மறுபடி வரைந்தோம்.
மறுபடியும்.
ஒவ்வொரு முறையும் கூடம் ஓரடி வளர,
மூட்டை தீரத் தீர
எங்கள் படுக்கையறை சிறுத்துக்கொண்டே வந்தது.

வாளியோடு குழாயடிக்குப் போகையில்
அவசரத்தில் குறுக்கே நடந்துவிட்டால்
"சுவத்துக்குள்ள நடக்கிறீங்க" என்பாள்,
சிரிக்காமல்.
நான் திரும்பிப் போய்
வாசல் வழியாக வருவேன்.

தக்கலையிலிருந்து அண்ணன் வீடியோவில் கூப்பிடுகிறார்.
வீட்டைக் காட்டுடா.
மலையைக் காட்டுகிறேன்.
ஜாதிக்காய் மரத்தை, இலை இலையாக.
கன்டெய்னர் பக்கம் திரும்பாமல்
ஃபோனைச் சட்டென்று கீழே தாழ்த்துகிறேன்.
"இதென்ன, பேட்மின்டன் கோர்ட்டா?
பரவாயில்லையே."
ஆமாம் என்றுவிட்டேன்.
இப்போது ஊரெல்லாம்
எங்களுக்கு பேட்மின்டன் கோர்ட் இருக்கிறது.

ஜூன் மாதம் டுரியான் விழத் தொடங்கியது.
மரம் பக்கத்துத் தோட்டத்து பூன் கீட்டுடையது,
கிளை மட்டும் எங்கள் பக்கம்.
ஒரு விடியற்காலை தொம்மென்று சத்தம்,
கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம்.
கதவிடுக்கில் பார்த்தோம்.
ரப்பர் பூட்ஸில் அந்த மனிதர்
சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றார்.
ஒரு தாவு தாவினால் பழம்.
தாவவில்லை.
நடந்து சுற்றி வாசலுக்கு வந்து
கையை மடக்கிக் காற்றில் வைத்து
வாயாலேயே
டொக், டொக் என்றார்.

மாசுக், மாசுக் என்றாள் யோகமலர்,
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு.
அவர் பூட்ஸைக் கழற்றினார்.
ஈரப் புல்லில் வெறுங்காலோடு
எங்கள் கூடத்தைக் கடந்தார்.
பழம் கிடந்தது கழிப்பறையில்.
தலையை ஆட்டி, இங்கே வேண்டாம் என்றார்,
உட்கார்ந்திருக்கும்போது விழுந்தால்?
சண்டை அத்தோடு முடிந்தது.
மூவரும் நின்றபடியே தின்றோம்.
விதைகளை அவர் எண்ணி எடுத்துப் போனார், ஏனோ.

கடிதம் இன்னும் வரவில்லை.

இரவில் பூட்டுவது கன்டெய்னரைத்தான்.
ஆனால் அதற்கு முன் அவள் டார்ச்சோடு போய்
வாசல் இருக்கும் இடத்தில்
ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருகிறாள்.
என்ன பார்க்கிறாய் என்று கேட்டதில்லை.
நேற்று நானும் போனேன்.
நடுக்கூடத்தில் ஒரு தவளை,
வெளிச்சத்துக்கு அசையாமல்.
உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல.
தூறல் பிடித்துக்கொண்டது.

"வீட்டுக்குள்ள மழை வருது," என்றாள்,
"வெளியே வாங்க."