இரண்டு பிரதிகளில் ஓர் அறிக்கை

வலயக் கல்விப் பணிமனைக்கு
வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டுமாம்,
இரண்டு பிரதி.
பொகவந்தலாவையில் மூன்று நாளாய் மழை,
கரண்ட் போய்ப் போய் வருகிறது.
படிவத்தின் நான்காம் பெட்டி:
'பயணத்தில் கற்றுக்கொண்டவை'.
இரண்டு அங்குல இடம்.

தேயிலை விளையும் மாகாணம் அது.
சரிவைக் கண்டதும் நாங்கள் ஏழு பேரும்
குனிந்து காலுறையைப் பார்த்தோம்.
அட்டை இல்லை.
ஏன் குனிந்தீர்கள் என்று மிசுஹோ கேட்டாள்.
அட்டையை விளக்கியதில்
என் ஆங்கிலம் முழுதும் செலவானது.

நிரைகளுக்கு மேலே கம்பங்களில் மின்விசிறி.
உறைபனி படியாமலிருக்க, என்றார்கள்.
செடிக்குப் போய் ஃபேன் போடுறாங்களே டீச்சர் என்று
டர்ஷிகா மூன்று தரம் சொன்னாள்.
கடையில் ஒரு பொட்டலத்தின் விலையை
ரூபாயாக்கிப் பார்த்தான் நிலோஜன்.
அம்மாவுக்கு எத்தனை நாள் பேர் விழவேண்டும் என்று
இன்னொரு கணக்கும் போட்டான்.
போனை அணைத்துவிட்டான்.

கோயில் மேட்டில்.
கதவில்லாத சிவப்பு வாசல்.
மூங்கில் அகப்பையால் முதலில் இடக்கை, பிறகு வலக்கை.
இரண்டு முறை குனி, இரண்டு முறை தட்டு,
ஒரு முறை குனி.
கிழட்டு மரமொன்றின் இடுப்பில் வைக்கோல் கயிறு,
மின்னலாய் மடித்த வெள்ளைத் தாள்கள்.
பின்புறம் பாசி ஏறிய ஒரு கல்.
தேயிலை வெட்டி மழுங்கிப்போன
கத்திகளுக்கான கல், என்றார் பூசகர்.
உங்கள் ஊரில் எப்படி?

ஹட்டன் பிள்ளையார் கோயில் கோபுரத்தைச் சொல்ல
வாயெடுத்தேன். படமும் வைத்திருந்தேன்.
நிலோஜன் முந்திக்கொண்டான்.
ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு கல்லு இருக்கு,
கவ்வாத்துக்கு மொத நாள்
கத்தியெல்லாம் அது முன்னால அடுக்குவாங்க,
சேவல், சாராயம், சுருட்டு.
சுருட்டுக்குச் சொல் கிடைக்காமல்
புகைத்தே காட்டினான்.
என் காது சுட்டது.

அந்தக் கடவுளின் பெயர்?
கவ்வாத்துச் சாமி.
பூசகர் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்:
கவாத்து சாமா.
கடவுள் பெயரோடு நாங்கள் சேர்க்கும்
மரியாதைச் சொல்தான் சாமா, என்றாள் மிசுஹோ.
அவர் எங்களைத் தாண்டி ஏதோ ஒரு திசைக்கு
(தென்மேற்கு என்று வைத்துக்கொள்கிறேன்)
இரண்டு முறை குனிந்தார்.
தட்டினார்.

லயத்தில் பிறந்தவள்தான் நானும்.
ஆறு வருடமாய் இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்,
ஒன்பதாம் நம்பர் குறுக்குவழியை விட்டு
பஸ் பாதையால் சுற்றிப் போய்.

இன்று காலை நிலோஜன் பிந்தி வந்தான்,
சப்பாத்தெல்லாம் சேறு, சட்டையில் கற்பூர வாசம்.
கவ்வாத்து தொடங்கிட்டாங்க டீச்சர்,
நான் சாமிக்குக் கை தட்டினேன்,
தட்டாதடா, சாமி முழிச்சுத்தான் இருக்குன்னு
கங்காணி ஏசினாரு.
வகுப்பே சிரித்தது.
பதிவேட்டில்
நேரத்துக்கு வந்ததாகப் போட்டேன்.

மெழுகுதிரி பாதிக்கு வந்துவிட்டது.
நான்காம் பெட்டியில்
'கை கழுவும் முறை' என்று எழுதினேன்.
இன்னும் ஒன்றே முக்கால் அங்குலம்
மிச்சம்.