ஆறாவது லேன்

ஒரு வண்டிக்கு எட்டு நொடி.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
ஆறாவது லேன் கூண்டுக்குள் ஒன்பது வருஷமாக
எனக்கு வாய்த்த உலகம் அவ்வளவுதான்:
இறங்கும் கண்ணாடி, நீளும் கை,
பின்சீட்டில் யாரோ தூங்கும் திறந்த வாய்,
கூரைமேல் கட்டிய பெட்டி.
எங்கே போறீங்க என்று கேட்கத் தோன்றும்.
கேட்டால் பின்னால் ஹாரன்.

ஸ்டிக்கர் வந்த பிறகு
கண்ணாடி இறங்குவதே இல்லை.

ஐந்தாவது லேன் ஷமீமுக்கும் எனக்கும்
அடுத்தடுத்த மாதம் சீட்டு விழுந்தது.
டீ ஆறுவதற்குள் கேட்டாள்:
"முனிலட்சுமி, எங்கியாவது போலாமா?
கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயிலு, தர்கா
எதுவும் இல்லாத எங்கியாவது."
வியட்நாம் என்று வந்தது.
ஏன் என்று இருவருக்கும் தெரியாது.
படத்தில் கடல் பச்சையாக இருந்தது.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு கேட்டார்,
வேலைக்கா? இல்லை.
மகள் பிரசவமா? எனக்கு மகளில்லை.
பின்னே?
சும்மா சார், என்றேன்.
'சும்மா'வை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
வெகுநேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சீக்கிரம் போய்ச்சேரும் டிக்கெட் இருபத்தெட்டாயிரம்.
கோலாலம்பூரில் பதினோரு மணி நேரம்
கிடந்துவிட்டுப் போனால் பத்தொன்பது.
"பதினோரு மணி நேரம் என்னடி பண்ணுவீங்க?"
என் வீட்டுக்காரர் திம்மராயன் பதறினார்.
ஆளுக்கு ஒன்பதாயிரம் சம்பாதிப்போம், என்றேன்.
உட்கார்ந்த இடத்தில் மணிக்கு எண்ணூறு ரூபாய்
கம்பெனி தந்ததில்லை.

பழைய ஷிப்ட் நோட்டின் பின்பக்கத்தில்
ஷமீம் அந்த ராத்திரிக்குக் கோடு போட்டாள்.
கைப்பிடி இல்லாத நாற்காலி தேடணும்.
பாட்டில் காலியாகப் போகணும், உள்ளே நிரப்பணும்.
ஏசிக்குச் சால்வை.
ஊறுகாய் கைப்பையில் கூடாது:
எண்ணெய் மிதந்தால்
அவர்கள் கணக்கில் அதுவும் தண்ணீராம்.
பத்திலிருந்து ஒன்று நீ தூங்கு,
ஒன்றிலிருந்து நாலு நான்.
"நைட் ஷிப்ட்தான்டி," சிரித்தாள்,
"வண்டிதான் வராது."

சந்தூர் மண்டியில்
மாம்பழம் நிறுக்கும் தராசில் பெட்டிகளை வைத்தோம்.
பதினெட்டு. பத்தொன்பதரை.
மண்டிக்காரர் பழக்கதோஷத்தில்
கழிவு ஒரு கிலோ போட்டுக்கொண்டார்.

கிளம்பிய அன்று
டாக்ஸி என் லேனிலேயே நுழைந்தது.
கட்டை எழவில்லை.
ஸ்டிக்கரில் காசில்லை.
டிரைவர் போனைத் தேய்க்கத் தேய்க்கப்
பின்னால் ஹாரன் பெருகியது.
என் நாற்காலியில், என் திண்டுமேல்
புதுப்பையன் கோகுல்நாத்.
குனிந்து பார்த்து,
"எங்கக்கா போறீங்க?" என்றான்.
ஷமீம் ஆசையாகத் தொடங்கினாள்,
முதல்ல கோலாலம்பூர், அப்புறம்
கட்டை எழுந்துவிட்டது.

இப்போது இரவு இரண்டரை, அந்த ஊர்க் கடிகாரத்தில்.
கைப்பிடி இல்லாத நாற்காலி கிடைக்கவில்லை.
தரையில் சால்வை விரித்து ஷமீம் தூங்குகிறாள்,
வாய் திறந்திருக்கிறது.
இரண்டு பாஸ்போர்ட்டும் என் மடியில்.
கண்ணாடிக்கு வெளியே விமானங்கள்
சூளகிரிப் பக்கம் லாரிகள் ஒதுங்கிக் கிடப்பதுபோல்.
பயமில்லை. கொஞ்சம் பசி.
எதிரே ஒரு குழந்தை ஷூவைக் கழற்றி மாட்டிக்
கழற்றி மாட்டுகிறது.
பதினேழாவது தடவைவரை பார்த்தேன்.
யாரையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

தரை துடைக்கும் வண்டியை ஓட்டி வந்தவள்
என் கால் முன்னால் நிறுத்தினாள்.
காலை மடக்கிக்கொண்டேன்.
கை தானாக எழுந்து, போகலாம் என்று காட்டியது.

அவள் போகவில்லை.
இறங்கி, இடுப்பை நிமிர்த்தி,
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து,
அவள் பாஷையில் ஏதோ கேட்டாள்.
எங்கே போறே என்றுதான் இருக்கும்.

பின்னால் ஹாரன் இல்லை.
கிருஷ்ணகிரியிலிருந்து தொடங்கினேன்.