இரண்டாம் சரணம்

மெர்லின் ரேகலுக்குப் பகலில்
ஆரையம்பதி லீசிங் கொம்பனியில் வேலை.
காசு கட்டாத ஓட்டோக்களின் இலக்கங்கள்
கொப்பியின் முன்பக்கம்.
பின்பக்கத்திலிருந்து பாட்டு.

ஐந்நூறு சீடி அடித்தோம்.
கொழும்பில் ஒருவர் கேட்டுவிட்டு
"மட்டக்களப்பெண்டா மீன் பாடோணுமே,
மீன் எங்க?" என்றார்.
"கறிக்குள்ள, சேர்."
கிற்றாரைப் பையில் போட்டாள்.

வானொலியில் ஒரேயொரு தரம்.
முதற் சரணம் முடிய
மரண அறிவித்தல் குறுக்கிட்டது:
கிரான்குளம், ஓய்வுபெற்ற தபாலதிபர்.
பிறகு செய்தி.

அதோடு ஊர் முழுக்கப் பாதிப் பாட்டு.
கலியாண வீடுகளில், அறுந்த இடம் வந்ததும்
சனம் அவள் வாயைப் பார்க்கும்.
நான் பொங்கோஸில் நேரம் கடத்துவேன்.

எழுதி வைத்ததை அவள் பாடியதேயில்லை.
அந்தக் கிழமை பறித்து வந்த ஓட்டோவுக்குள்
கிடந்ததைப் பாடுவாள்:
சீற்றுக்கடியில் மடித்த பள்ளிக்கூட ரிப்போட்,
கண்ணாடியில் தொங்கிய
குழந்தைச் சப்பாத்து, ஒற்றை.

நேற்று கல்லடிப் பந்தலில்
இரண்டாம் வரிசையில் அவனே இருந்தான்.
கண்டுவிட்டாள்.
லாலா போட்டு முடிக்கப் பார்த்தாள்.

சோடாப் போத்தலோடு எழும்பி
அவன் கத்தினான்:
"சப்பாத்து எங்க, அக்கா?"