ஆறு அறை

முதலில் வாங்கியது ரப்பர்.
வெள்ளிக்கிழமை விடியுமுன் சோர் பஜாரில்
முந்நூறில் ஆரம்பித்த முந்தஸிர் பாய்
நூற்றிருபதுக்கு இறங்கி
பல்லுடைந்த சீப்பொன்றையும் சேர்த்துத் தந்தார்.
ரப்பர் நல்லது.
மாடியிலிருந்து விழும், தண்ணீரில் மிதக்கும்,
மண்டையில் அடித்தால் நடிகருக்கு வலிக்காது.
கேமரா கிட்டே வந்தால்தான்
குழல் லேசாகத் தொங்கும்,
கடன் கேட்டு நிற்பவன் கழுத்து மாதிரி.

இரண்டாவது தேக்கு.
கும்பார்வாடா பின்சந்தில் பீரோ செய்யும் ராஜகிளி
மிச்சத் துண்டில் கடைந்து கொடுத்தான்.
கறுப்புப் பெயின்ட் அடித்து
பென்சில் கரியைத் துணியில் தொட்டுத் தேய்த்தால்
இரும்புக்கே சந்தேகம் வரும்.
உருளை சுற்றாது.
அதனால் இடுப்பைவிட்டு எடுக்காத
இன்ஸ்பெக்டர்களுக்கு மட்டும்.

மூன்றாவதற்காக
ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டிங் சாயை நிறுத்தினேன்.
அலுமினிய வார்ப்பு.
விரலால் தட்டினால் உருளை ஓடி
கிளிக் என்று நிற்கும்.
அந்தக் கிளிக்குக்குத்தான் நாள் வாடகை இருநூற்றைம்பது.

நாலாவது சிகரெட் லைட்டர்.
ஐந்தாவது மகள் ஷைனியின் தீபாவளித் துப்பாக்கி.
வெளியே போய்வந்தால் அவளுக்குப் பத்து ரூபாய்,
நோட்டில் எழுதிவைத்து வாங்குவாள்.

காசில்லாதவன் துப்பாக்கி வாங்கக்கூடாது,
பிடி வாங்க வேண்டும்.
இரண்டே திருகு.
வெள்ளைப் பிளாஸ்டிக் பிடி போட்டால் சேட்டுடையது,
சணல் சுற்றினால் சம்பல் பள்ளத்தாக்கு,
கழற்றிவிட்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால்
வேலையில்லாத எம்.காம். பட்டதாரி.
ஒரே அலுமினியம்
ஒரே வாரத்தில்
மூன்று சீரியலில் ஒன்பது பேரைக் கொன்றிருக்கிறது.

"எதுக்கு இந்த ஓட்டையெல்லாம்?" என்று
ஒருநாள் உருளையைப் பார்த்துக் கேட்டாள் ஜெபமேரி.
அறை என்று சொல்வார்கள், ஆறு அறை, என்றேன்.
பத்துக்குப் பன்னிரண்டில்
அடுப்பு, கட்டில், எங்கம்மா படம், நாலு பேர்.
அவள் சுற்றிலும் பார்த்தாள்.
"குண்டுக்குக்கூட ஆளுக்கொரு அறை."

நேற்று ராத்திரி இரண்டு மணி,
சயான் சர்க்கிளில் நாகாபந்தி.
பையைத் திறக்கச் சொன்னார் ஹவில்தார் தோண்ட்கே.
கம்பெனிக் கடிதத்தை டார்ச் அடித்துப் படித்துவிட்டு
ஐந்தையும் ஜீப் மூக்கில் வரிசையாக வைக்கவைத்தார்,
மீன்காரி கூறு வைப்பதுபோல.
அலுமினியத்தை எடுத்தார்.
கிளிக். இன்னொரு தரம், கிளிக்.
"நிஜம் இதைவிடக் கனமா இருக்குமா?"
என்னிடம் கேட்டார்.
இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்,
கக்கத்தில் லத்தி.

மேம்பாலத் தூணுக்குக் குறிபார்த்துக்கொண்டே
"நாளைக்கு இது என்ன சீன்?"
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"ஒரு ஹவில்தாரைச் சுடுறாங்க, சாப்."
மெதுவாகக் கீழே வைத்தார்,
முனையை அந்தப் பக்கம் திருப்பி.
"சாகிறவனுக்கு என்ன தர்றாங்க?"
"எழுநூறு. சாப்பாடு தனி."
"இதுக்கு?"
"இருநூற்றைம்பது."
கொஞ்சம் யோசித்தார்.
"பரவாயில்ல. போ."

ஆறாவது இன்னும் வாங்கவில்லை.
நெற்றியில் வைத்து நடுங்கும் நெருக்கக் காட்சிக்கு
பித்தளையில் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன்,
நாலாயிரம் சொல்கிறார் பாய்.
ஸ்கூல் ஃபீஸும் நாலாயிரம்.

மூன்று மணிக்குக் கதவைத் தள்ளினேன்.
தரையில் ஒட்டி ஒட்டிப் படுத்திருந்தார்கள்,
ஊசி நுழைய இடமில்லை.
பையை அடுப்புக்கடியில் வைத்து
செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
ஷைனி புரண்டாள்.
அவள் இடித்ததில் அவள் தம்பி,
அவன் இடித்ததில் ஜெபமேரி,
ஒருவர் பின் ஒருவராக
மொத்த உருளையும் ஒரு பல் நகர்ந்தது.

சத்தமில்லாமல்
எனக்கொரு இடம் வந்து நின்றது.