மான் தின்ற கொப்பி

நாலரைக்கே எழும்பிவிட்டான் கவிசன்.
பால்மா கரைக்கும்போது
சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடி
அலுமாரிக்கு அடியில் உருண்டது.
குனியவில்லை.
குனிந்தால் நிமிர மனம் வராது.
ஒரு சோசரால் மூடினேன்.
மூன்று நாளாகிறது,
மூடியைக் காணவில்லை என்றுதான்
வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவருக்குச் சீனன்குடா மாமில்லில் இரவு வேலை.
ஏழு மணிக்குப் புருவமெல்லாம் மாவோடு
வயது போன ஆளாய் வருவார்,
முகம் கழுவினால் மறுபடி முப்பத்துநாலு.
அதற்குள்
யதுர்சிக்கு இரட்டைப் பின்னல்,
ஒரு சப்பாத்து,
மற்றச் சப்பாத்தைத் தேடுதல்,
சொதியில் மிதக்கும் கறிவேப்பிலைக்கு ஒரு வழக்கு.

அந்த வழக்கு நடக்கையில்தான்
பால் கோப்பையை
அக்காவின் தமிழ்க் கொப்பியில் கவிழ்த்தான்.
வீட்டுவேலை: 'எனது அம்மா'. ஐந்து வசனம்.
முதல்நாள் இரவே கொண்டுவந்து நீட்டினாள்.
என் கையெல்லாம் மீன் செதில்.
பிறகு பார்க்கிறன் என்றேன்.
பிறகு என்பது எங்கள் வீட்டில் ஓர் இடம்.
கம்பி முறிந்த குடை, ஒற்றைக் காலுறை,
என் கடைவாய்ப் பல்லின் வலி
எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

கொப்பியை விரித்துக் கேற்றில் காயப்போட்டு
அவனைக் கழுவித் துடைத்து வந்து பார்த்தால்
வெளியே ஒரு பெண்மான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
குப்பைத் தொட்டி தொட்டியாய் வரும் கூட்டத்தில் ஒன்று.
பால் ஊறிய பக்கம் முதலில்,
பிறகு கணக்கில்லாமல்.
ச்சூ என்றேன்.
என்னைப் பார்த்தது. மெல்லுவதை நிறுத்தவில்லை.
அழகாய்த்தான் இருந்தது,
அந்த ஆத்திரத்திலும் தெரிந்தது.
பின்னால் குட்டி நின்றது.
ஒரேயொரு குட்டி.
ஒன்றென்றால் நானும் இப்படி
ஆறுதலாய் நின்று மெல்லுவேன்.

யதுர்சி அழவில்லை.
மிஞ்சிய அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.
"மான் திண்டிட்டுது ரீச்சர்."
வேறு ஊரென்றால் அடி விழுந்திருக்கும்.
இங்கே ரீச்சர் பெருமூச்சு விட்டு
"போன மாசம் என்ர இடாப்பு" என்றாவாம்.

இரவு, நுளம்பு வலைக்குள்,
அவன் என் வயிற்றில் கால் போட்டு உறங்கிய பிறகு
மெல்லக் கேட்டேன்:
என்ன எழுதினீங்கள் அம்மாவைப் பற்றி?
விரல் மடித்தாள்.
எனது அம்மாவின் பெயர் நிறோஜினி.
அவர் திருகோணமலையில் வசிக்கிறார்.
அவர் சுவையாகச் சமைப்பார்.
அவர் எங்களில் அன்பு உள்ளவர்.
எல்லாப் பிள்ளைகளும் எழுதும் நாலு.
கட்டைவிரல் மடியாமல் நின்றது.
அஞ்சாவது?
"மறந்துபோச்சு. மானிட்டக் கேளுங்கோ."
சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.
மறக்கவில்லை.
அவள் முதுகை எனக்குத் தெரியும்.

கத்துவேன் என்றா?
குளியலறைக்குள் பைப்பைத் திறந்துவிட்டு
குளிக்காமல் நிற்பதைக் கண்டாளா?
போன ஞாயிறு உப்புவெளிக் கரையில்
இரண்டு பேரையும் மணலில் இருத்திவிட்டு
தூரத்துக் கப்பலின் வெளிச்சத்தைப் பார்த்தபடி
மூன்று தரம் கூப்பிட்டும் திரும்பாமல் நின்றேனே,
அதுவா?
நல்லதாய்க்கூட இருக்கலாம்.
நல்லதென்றால் என்னவாக இருக்கும் என்று
தேடத் தொடங்கியவள்
அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

விடிய, பாண் ஓட்டோவின் பாட்டு.
அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.
சந்தியில் அதே மான்,
அல்லது அதன் சாயலில் இன்னொன்று,
வாழைப்பழத் தோலை அசைபோட்டபடி.
அதன் வயிற்றுக்குள் எங்கோ
என்னைப் பற்றி ஒரு வசனம்.
கொஞ்சம் நின்றுவிட்டேன் போல.
"அக்கா, எத்தினை?"
இரண்டு றாத்தல் என்றேன்.

மிச்சக் காசை எண்ணும்போது
கவிசன் கையை நீட்டி
மானைக் கூப்பிட்டான்: அம்மா.
அவனுக்கு இப்போது வருவது அந்தச் சொல் ஒன்றுதான்.
நிலாவெளி பஸ் போனால்
அதையும் அப்படித்தான் கூப்பிடுவான்.