சுவரோரக் கணக்கு

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால், ஜூன் மாதம்.
வெளியே நிழலில் நாற்பத்தேழு.
உள்ளே, கறுப்புக் கண்ணாடித் துளையின் அந்தப் பக்கம்
பதினையாயிரம்.
இரண்டையும் ஒரே பதிவேட்டில்தான் எழுதுகிறேன்.
ஒன்று செல்சியஸ், ஒன்று கெல்வின்.
வேர்வை அலகு பார்ப்பதில்லை.

என் வேலை அட்டவணை போடுவது.
ஹைட்ரஜனைக் காய்ச்சினால் எப்படி ஓடும்,
மின்சாரத்துக்கு எவ்வளவு வழிவிடும்,
சூட்டை எங்கே கொண்டுபோய் யாரிடம் கொடுக்கும்;
நூறு கெல்வினுக்கு ஒரு வரி.
பாகுநிலைக்கு ஒரு விசித்திர குணம்:
தேன் சுட்டால் இளகும், வாயு சுட்டால் இறுகும்.
பத்தாயிரம் வரை ஏறிக்கொண்டே போய்
அதற்குமேல் பொத்தென்று விழும்.
மின்னேற்றம் பெற்றவை
தொடாமலே மோதிக்கொள்கின்றன, தூரத்திலிருந்தே.
நாலடி நகர முடியாதவன்
எதைச் சுமந்து எங்கே சேர்ப்பான்?

வியாழன் பின்னிரவு இரண்டு பத்துக்கு
தாமிர நாசில் உருகியது.
குளிர்நீர்க் குழாய் விண்டு
மின்வில் ஒரு முறை பச்சையாகச் சிரித்து அணைந்தது.
ஹுமைத் அல் மஃமரி சிவப்புப் பொத்தானை
உள்ளங்கையால் அறைந்தார்.
யாருக்கும் ஒன்றுமில்லை.
லெம்பர்ட்டின் இடது கையுறையில் மட்டும்
காசளவு ஒரு பொத்தல்.

"சுவர் தாங்கும்னு சொன்னீயளே மேடம்."

சொன்னேன். என் அட்டவணை சொன்னது.
விடியும்வரை தேடி அந்த இடத்தைப் பிடித்தேன்:
நிரலின் இருநூற்றுப் பதினாறாம் வரியில் ஒரு பூஜ்யம்.
அதற்குப் பொருள்
போகிற வழியில் எதுவும் பிரிவதில்லை, எதுவும் சேர்வதில்லை.
கலவையை உறைய வைத்துவிட்டு
நெருப்பைக் கணக்கிட்டிருக்கிறேன்.

நடப்பது வேறு.
நடுவில், கொதிப்பில், மூலக்கூறு உடைகிறது.
உடையச் செலவான சூட்டை
மடியில் முடிந்துகொண்டு அணு தனியே கிளம்புகிறது.
வழியில் அவிழ்ப்பதில்லை.
எந்த வெப்பமானியிடமும் மூச்சு விடுவதில்லை.
குளிர்ந்த சுவரோரம் இன்னொரு தனியனைக் கண்டு
கையைப் பிடித்த கணம்
மொத்தத்தையும் அங்கேயே கொட்டிவிடுகிறது.
நாசில் உருகியது நெருப்பால் அல்ல,
சேர்ந்ததால்.

வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினேன்.
மூவாயிரத்து எண்ணூறில் ஒரு திமில், பிரிவினுடையது.
பதினையாயிரம் அருகே இன்னொன்று,
எலக்ட்ரானே கழன்று போகிற இடம்.
ஹுமைத் தலையாட்டினார்:
"இது எங்கள் ஊர் ஒட்டகம் இல்லை."

லெம்பர்ட் சிரிக்கவில்லை.
காகிதக் கோப்பைக் கரக்கை ஊதிக்கொண்டிருந்தார்.
அனுப்புகிற பணத்தைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன்.
"இருவத்திரெண்டு மாசம் கழிச்சு இறங்குவேன் மேடம்.
தூத்துக்குடி வரைக்கும் ஒரே சிரிப்பு.
வீட்டுக்குள்ள போயி,
ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்துல,
டார்ச்ச எங்க வச்சேன்னு ஒரு வார்த்தை.
ரெண்டு நாள் சண்டை.
இங்க ஒருத்தன்கிட்டயும் நான் குரல் ஒசத்துனதில்ல,
ஹுமைத்திட்ட கேளுங்க.
அவ்வளவும் எங்கெருந்து வருதுன்னு
எனக்கும் தெரியாது, ரெஜினாவுக்கும் தெரியாது."

கோப்பையைக் கசக்கினார்.
"மூணாம் நாள் சரியாயிரும்."
பிறகு, வேலைக் குரலில்:
"இனிமே நாசில தடியாப் போடணுமா,
தண்ணிய வேகமா விடணுமா?"

தண்ணீரை, என்றேன்.
தடித்த சுவர் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

பூஜ்யத்தை ஒன்றாக மாற்றினேன்.
ஓட முன்பு நாற்பது நிமிடம் எடுத்த நிரல்
இப்போது ஆறு மணி நேரம் எடுக்கிறது.
என் கைபேசியில் நாலு நாளாகத் திருப்பி அழைக்காத எண் ஒன்று.
அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மறுபடி வில் மூட்டினோம்.
இரும்புத் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்த ஹைட்ரஜன்
புகைவழியின் கடைசி வளைவில்
தண்ணீராகச் சொட்டியது.
கடலைக் காய்ச்சிக் குடிக்கிற ஊரில்
லெம்பர்ட் ஒரு வாளியைக் கொண்டுவந்து
அடியில் வைத்தார்,
பட்டதும் விரலை உதறினார்,
இன்னும் சுட்டது.