முதலில் ஏறுகிறவள்

முகவரிக் கட்டத்தில்
ரெனீயின் பேனா நின்றுவிட்டது.
"காலியா விடுங்க," என்றார் எழுத்தர்.
"முதல்ல நாற்காலி, அப்புறம்தான் காகிதம்.
சட்டம் அப்படி."
அப்படியொரு சட்டம் இருப்பதே
துல்சா நகரத்தில் ஏழு வாரம்
காரில் தூங்கிய பிறகுதான் தெரிந்தது.

இப்போது மோட்டல். அறை எண் 118.
பழைய பள்ளி பதினான்கு மைல்.
காலை ஐந்து ஐம்பதுக்கு
ஹாரன் அடிக்காமல் வந்து நிற்கும் மஞ்சள் பஸ்.
முதலில் ஏறுகிறவள் கோரா,
மாலையில் கடைசியாய் இறங்குகிறவளும்.
எங்கே ஏறினாளென்று எவரும் பார்த்துவிடாதபடி
ஓட்டுநர் ஓடெல் மாற்றிப் போட்ட வழி.
அவர் இதைச் சொன்னதில்லை.
தனக்குத் தெரியும் என்று அவளும் சொன்னதில்லை.

ஜன்னல் ஆவியில் வாய்ப்பாடு எழுதுவாள்.
ஏழெட்டு ஐம்பத்தாறு வருவதற்குள்
ஆற்றுப் பாலம் வந்துவிடும்.

பிப்ரவரியில் பாலத்தை மூடினார்கள்.
அன்று மாலை
பஸ் நிறையப் பிள்ளைகளோடு
மோட்டல் வாசலில் நின்றது வண்டி.
ஓடெல் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.
அவள் ஷூ நாடாவைப் பார்த்தாள்.

பின்சீட்டிலிருந்து பிரிசில்லா கத்தினாள்:
"ஏய், உங்க வீட்டுல நீச்சல் குளம் இருக்கா!"

குளத்தில் தண்ணீர் இல்லை.
அடியில் கவிழ்ந்த தள்ளுவண்டி ஒன்று,
அதன்மேல் பனி.

இரண்டாம் படியில் நின்று
கோரா திரும்பிச் சொன்னாள்:
"இருக்கு.
ஆழமான பக்கம் எட்டடி."